பழைய அச்சு

பல் கார்டில் ஒரு துண்டைக் காணோம்.

கட்டைவிரல் நகம் அளவுதான். மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்த பல்லக்கா, தலையணைக்கு அடியில் கிடந்த அந்தப் பிளாஸ்டிக் கார்டை எடுத்து, திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள், பல் தேயாமல் இருக்க மேல்வரிசையில் மாட்டிக்கொள்கிற உறை அது. இடுக்கி வைத்து நெரித்தால்கூட லேசில் உடையாது. அவளே செய்தது, அவளுக்குத் தெரியாதா? அதன் ஓரம் பிய்ந்துபோயிருந்தது. போர்வையை உதறினாள். மெத்தையைத் தூக்கினாள். பக்கத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிய ஆறு வயது மகளைப் புரட்டிப் பார்த்தாள். துண்டு எங்கும் இல்லை. அப்படியென்றால் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். நாக்கின் அடியில் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி. ஈறில் ரத்தம் வந்திருக்கும் என்று நினைத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் பால் காய்ச்சப் போனாள்.

பல்லக்கா என்பது அவள் வேலை பார்க்கிற பல் லேபில் பசங்கள் வைத்த பேர். பல் செய்கிற அக்கா, சுருக்கினால் பல்லக்கா. "கேக்கறவங்க நான் ஏதோ பல்லக்குல வர்ற மகராணின்னு நெனைக்கப்போறாங்கடா" என்று முதல் நாள் அவளே விழுந்து விழுந்து சிரித்தாளாம். சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. பல் டாக்டர்கள் நோயாளி வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். லேபில் அந்த அச்சுக்குள் கல்மாவைக் கரைத்து ஊற்றி, இறுகினதும் எடுத்தால், அந்த ஆளின் தாடை அப்படியே மஞ்சள் கல்லாகக் கையில் வந்து உட்காரும். மாடல் என்பார்கள். அதன் மேல்தான் பல் செட்டு, கார்டு எல்லாம் செய்வது. காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடித்தாக வேண்டும். பத்து வருஷமாக இதே வேலை. ஆளைப் பார்த்தால் அவளுக்கு முகம் ஞாபகம் இருக்காது, பல் ஞாபகம் இருக்கும்.

கார்டு போடச் சொன்னது ஒரு டாக்டரம்மா. அதற்கு முன்னால் காது டாக்டர், கழுத்து டாக்டர், வயிற்று டாக்டர் என்று மூன்று பேரிடம் படி ஏறி இறங்கியாகிவிட்டது. காதுக்குள் ஓயாத ரீங்காரம், பின்கழுத்தில் கட்டையை வைத்துக் கட்டின மாதிரி இறுக்கம், நெஞ்செரிச்சல், எழுந்தால் வாயைத் திறக்கவிடாத தாடை வலி. எடுத்த ஸ்கேன் எல்லாம் சுத்தம். டாக்டரம்மா ஃபைலை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"வீட்டுக்காரர் போனப்ப அழுதீங்களா?"

"அழறதுக்கு எங்க டாக்டர் நேரம்?"

"கோவமாவது பட்டீங்களா?"

அவள் சிரித்து மழுப்பினாள். பதினாலு மாசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, "எனக்கு இது ஒத்துவரலை" என்று கணவன் சொன்னபோது, அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். சார்ஜரை மறந்துவிட்டான் என்று தெருமுனைவரை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் ஐந்து மணிக்கு வேலை. ஊரே மெச்சியது, என்ன நெஞ்சுரம் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டாள், அவ்வளவுதான்.

"உள்ள அடைச்சு வெச்சது உடம்பு வழியா வெளிய வரப் பாக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "காது, கழுத்து, வயிறு, தாடை, எல்லாம் அதோட வேலைதான். தாடைக்குக் கார்டு போடுங்க. உங்களுக்கு, பேசறதுக்கு ஒரு ஆள் வேணும். நான் எழுதித் தரேன்."

பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. பைத்தியம் என்கிறாரா? வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆள் மாத்திரை தின்றுகொண்டிருப்பது போதாதா? சீட்டில் அந்த வரியை மட்டும் கிழித்துப் போட்டாள். ரொம்ப முடியாவிட்டால் ஒன்று மட்டும் என்று சொல்லிக் கொடுத்த தூக்க மாத்திரையை வாங்கிப் பையில் போட்டாள். கார்டை லேபிலேயே செய்துகொண்டாள். தன் வாயில் புதிதாக அச்சு எடுக்கச் சோம்பல். வேலை பழகும்போது எல்லாரும் முதலில் தன் வாயைத்தான் அச்செடுத்துப் பழகுவார்கள். அந்த மாடல்கள் மேல் அலமாரியில் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். தன்னுடையதை எடுத்துத் தூசி தட்டி, அதன் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி இழுத்தாள். மாட்டிப் பார்த்தால் சரியாக உட்காரவில்லை, ஒரு பக்கம் ஆடியது. ஆறும்போது சுருங்கியிருக்கும் என்று விட்டுவிட்டாள். வேறொருவருக்கு என்றால் அப்படி விட்டிருக்க மாட்டாள்.

வீட்டில் மூன்று பேர். அவள், மகள் குட்டி, தம்பி. தம்பி பாலம் கட்டுகிற கம்பெனியில் அளவெடுக்கிற வேலையில் இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வேலை நடுவே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மனநல வார்டில் நாலு மாசம். அங்கே விழுந்ததில் போன முன்பல்லை அக்காதான் செய்து மாட்டிவிட்டாள். இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு, சமைத்துக்கொண்டு, குட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்துகொண்டு, தேறித்தான் இருந்தான். ஆனாலும் வார்டில் சொன்னபடி வீட்டின் உள்தாழ்ப்பாள்களை எல்லாம் அவள் கழற்றியிருந்தாள். குளியலறைக் கதவுகூடச் சும்மா சாத்தத்தான் முடியும். வாசல் கதவின் உச்சியில் மட்டும் ஒரு முரட்டுத் தாழ்ப்பாள்.

அவன் எதைச் சொல்ல வந்தாலும் அவளிடம் ஒரே பதில்தான். கார்டு உடைந்த அந்த வாரம்கூட, சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துப் பட்டன் போட்டுக்கொண்டு, சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, மத்தியானத்துல குட்டி என் ரூம்ல படுத்துக்கட்டுமே."

"எதுக்கு?"

"இல்ல... நீ நிம்மதியாத் தூங்குவே."

"மாத்திரை போட்டியா?"

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். இந்த வெயிலில் எதற்கு முழுக்கைச் சட்டை என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அடுப்பில் பால் பொங்கியதில் மறந்துபோனது.

ராத்திரியில் தூக்கம் பிடிக்காத பல்லக்காவுக்கு ராத்திரி என்பது மத்தியானம்தான். மூன்று மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, குட்டியை அணைத்துக்கொண்டு படுத்தால், தெருவில் சத்தம் ஓய்ந்து, மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்ற, துணி வழியாக வருகிற வெயில் அறையைப் பழுப்பாக்கி, குட்டியின் தலைமுடியில் சாக்பீஸும் வேர்வையும் கலந்த வாசனை அடிக்க, கண் தானாகச் செருகும். அப்போதுதான் அந்தச் சத்தம் வரும். கர்ர்க். கர்ர்க். ஈரமில்லாத கல்லின் மேல் கல்லை அழுத்தி இழுக்கிற மாதிரி. மிக அருகில். சில நாள் தலையணைக்குள்ளிருந்து, சில நாள் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் அறையிலிருந்து வருவதாகத் தோன்றும். பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டே கிடப்பாள். கண்ணைத் திறந்த மாத்திரத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். எலி என்று நினைத்து இரண்டு தடவை பொறி வைத்தாள். ஒன்றும் மாட்டவில்லை.

கார்டு உடைந்த அன்றைக்குச் சாயங்காலம், குட்டியைக் குளிப்பாட்டும்போது அதைப் பார்த்தாள்.

இடது மேல்கையில், உள்பக்கம். இரண்டு பிறைகள், ஒன்றையொன்று பார்த்தபடி. நீலமும் சிவப்பும் கலந்து, நடுவில் தோல் தடித்து. சோப்பு நுரை அதன் மேல் வழிந்தது. நாயில்லை, எலியில்லை. பத்து வருஷம் பல்லோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய மனுஷ வாய்.

"யாருடா கண்ணு கடிச்சது?"

குட்டி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு. அம்மா திட்டமாட்டேன்."

"மாமா சொல்லக் கூடாதுன்னார்."

பல்லக்காவின் கையிலிருந்த சோப்பு நழுவி வாளிக்குள் விழுந்தது.

கத்தவில்லை. அவள் கத்துகிறவள் இல்லையே. குட்டியைத் துவட்டி, சட்டை மாட்டுமுன், பையிலிருந்த கண்ணாடித் தாளை அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பேனாவால் ஒவ்வொரு பல்லாகக் கோடு இழுத்துக்கொண்டாள். ஒரு ஆளைக் குற்றம் சொல்லுமுன் நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதுவும் கூடப்பிறந்தவன்.

மறுநாள் லேபில், மேஜை விளக்கை இழுத்து வைத்து, அலமாரியிலிருந்து இரண்டு மாடல்களை இறக்கினாள். நியாயம் பார்க்கிறவளாய் முதலில் தன்னுடையதைத்தான் தாளின் மேல் கவிழ்த்தாள். பொருந்தவே இல்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது. அப்படி ஒரு சந்தேகம் தனக்குள் இருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மாடலில் அவளுடைய கோரைப்பல் இரண்டும் ஊசியாக, வரிசைக்குக் கீழே இறங்கியிருந்தன. கல்யாணமான புதிதில் "கடிச்சு வெச்சுடாதே தாயே" என்று கணவன் கையெடுத்துக் கும்பிட்டது இந்தப் பல்லைத்தான். தாளில் அந்தக் கூர்முனைக் குழிகளே இல்லை. எல்லாம் ஒரே மட்டம், மழுங்கல். முன்பல் செய்தபோது எடுத்த தம்பியின் மாடலை எடுத்துக் கவிழ்த்தாள். அவனுக்கு எல்லாப் பல்லும் மட்டம். ஏறக்குறைய உட்கார்ந்தது. ஒரு பல் மட்டும் தள்ளி நின்றது. தோல் இழுத்திருக்கும் என்று தீர்மானித்தாள்.

"என்னம்மா, காலங்காத்தால மெழுகை மென்னுக்கிட்டிருக்கே? பசிச்சா சொல்லு, ரொட்டி இருக்கு." பக்கத்து மேஜையில் மெழுகுவேலை செய்கிற பெரியவர் கேட்டார். மெழுகண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அப்போதுதான் அவள் கவனித்தாள், மேஜையில் கிடந்த கழிவு மெழுகை எடுத்து வாயில் போட்டு, தாடை வலிக்க வலிக்கக் கடித்துக்கொண்டிருந்ததை. பல்வரிசை முழுக்கப் பதிந்திருந்த அதைப் பார்க்காமலே எடுத்து அவர் தட்டில் போட்டாள். தாளையும் தன் மாடலையும் அப்படியே மேஜையில் விட்டுவிட்டு, தம்பியின் கல்தாடையை மட்டும் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் ராத்திரியும் பகலும் தூங்கவில்லை. மத்தியானம் கட்டிலில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, குட்டியை மடியில் போட்டு, திறந்திருந்த கதவையே பார்த்தாள். தம்பி இரண்டு மூன்று தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவான். அவன் காலடிச் சத்தம் வாசலருகே வந்து நிற்கும். நின்றபடியே இருக்கும். அவன் மூச்சுவிடுகிற சத்தம் கேட்கும். அவள் பையிலிருக்கும் கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பின்கழுத்துக் கட்டை காதுவரை ஏறியது. மூன்று நாள். எலிச்சத்தமும் இல்லை, புதுக் காயமும் இல்லை. நான் முழித்திருக்கிறேன், அதான் அவனால் முடியவில்லை என்று நினைத்தாள். விடிந்தால் வேலை, வந்தால் காவல். நாலாவது நாள் கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் மட்டும், இமையை மூடி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

கர்ர்க்.

கர்ர்க்.

அப்புறம் குட்டி அலறினாள்.

கண்ணைத் திறந்தபோது தம்பி கட்டிலில் முழங்காலிட்டு, குட்டியின் மேல் குனிந்திருந்தான். அவன் ஒரு கை பல்லக்காவின் முகத்துக்கு நேராக நீண்டிருந்தது. சட்டைக் கை கிழிந்து தொங்கியது. துணியெல்லாம் ரத்தம். குட்டியின் தோள்பட்டையில் ஒரு கவளம் அளவுக்குத் தோல் உரிந்து, சிவந்த சதை தெரிந்தது. பல்லக்காவின் வாய் நிறைய உப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தாள். நினைக்க அவ்வளவுதான் நேரம் இருந்தது.

கை பைக்குள் போனது. துண்டில் சுற்றிய கல். ஓங்கி அவன் வாயிலேயே அடித்தாள்.

அவன் பின்னால் சரிந்தான். அவள் விடவில்லை. மறுபடியும். அவள் செய்து மாட்டிய பல் தெறித்துத் தரையில் ஓடியது. மறுபடியும். கன்னத்து எலும்பு இறங்குகிற சத்தம் கல் வழியாக அவள் கைக்கு வந்தது. பதினாலு மாசமாக வராத சத்தம் ஒன்று அவள் தொண்டையிலிருந்து வந்தது, மனுஷச் சத்தம் மாதிரியே இல்லை. தம்பி ஒரு அடிகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கினான். கிழிந்த துணிக்குள் தெரிந்தன: முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, பழையதும் புதியதுமாய், மஞ்சளும் நீலமும் கறுப்பும், பிறைகள். இருபது இருக்கும்.

"உன்னையே நீ கடிச்சுக்கிறியாடா? தன்னையே கடிச்சுக்கிறவன் கொழந்தையை விடுவியா?"

"அக்கா..." வாயில் ரத்தம் நுரைத்தது. "நான் இல்ல... தூக்கத்துல... நீ..."

"மாத்திரை போட்டியாடா?" என்று கத்திக்கொண்டே மறுபடி அடித்தாள். கல் துண்டுக்குள்ளேயே இரண்டாக உடைந்தது.

அவனைக் காலரைப் பிடித்து இழுத்துப்போய் வாசலுக்கு வெளியே தள்ளினாள். தவழ்ந்து திரும்பி வந்து நிலைப்படியைப் பிடித்தான். "குட்டியக் குடுத்துடுக்கா" என்றான், அதுவும் சரியாக வரவில்லை. விரல்களின் மேலேயே கதவை அறைந்தாள். நசுங்கிய விரல்கள் உருவிக்கொண்டு போயின. தாழ்ப்பாளைப் போட்டு, அது போதாதென்று சுத்தியலை எடுத்துவந்து, தண்டு வளைந்து பள்ளத்துக்குள் நசுங்கும்வரை அடித்தாள். வெளியே எதிர்வீட்டு வேன்காரர் "ஐயோ, என்ன இது, ஐயோ" என்று பதறுவதும், ஒரு ஆளைத் தூக்குவதும், வேன் கிளம்புவதும் கேட்டது. அப்புறம் தெரு அமைதியாகிவிட்டது.

குட்டியின் தோளைக் கழுவி, மருந்து வைத்து, பாண்டேஜ் துணியால் கட்டினாள். குட்டி அழக்கூட இல்லை, வெடவெடவென்று நடுங்கினாள்.

"மாமா எங்கேம்மா?"

"போயிட்டார். இனிமே வரமாட்டார்."

"மாமா வந்து கையை..."

"ச்சு. பேசாதே. எல்லாம் முடிஞ்சுது."

நாலு நாளில் முதல் தடவையாக உடம்பு லேசாயிற்று. காதுக்குள் ரீங்காரம்கூட இல்லை. இனி தூங்கலாம். தூங்கி எழுந்து யாரையாவது கூப்பிட்டுக் கதவை உடைத்து, குட்டியை டாக்டரிடம் கொண்டுபோகலாம். தாடை மட்டும் தனியாகத் துடித்தது. தூக்க மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, குட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. மெழுகண்ணன்.

"தூங்கறியாம்மா? ஒண்ணுமில்ல, உனக்கு ஒரு நல்ல கார்டு செஞ்சு வெச்சிருக்கேன். நீ கடிச்சுப் போட்ட மெழுகுலயே கல்லை ஊத்தி மாடல் எடுத்தேன்."

"அதான் என் மாடல் இருக்கேண்ணே."

"அது பத்து வருஷத்து மாடல்டி! அதுல செஞ்சா எப்படி உக்காரும்? உன் கோரைப்பல் எல்லாம் எங்கே போச்சுன்னு பாத்தியா? தேச்சுத் தேச்சு மட்டமாக்கி வெச்சிருக்கே. ஊரான் வாயெல்லாம் பாப்பே, உன் வாயைப் பாக்கமாட்டே." சிரித்தார். "ஆமா, உன் மேஜையில ஒரு கண்ணாடித் தாள்ல பல்லு வரைஞ்சு வெச்சிருந்தியே, அது உன் புதுக் கடித்தடம்தானே? நான் எடுத்த மாடலை அது மேல வெச்சேன், ஒரு நூல் பிசகலை. எதுக்கும்மா வரைஞ்சே?"

அவள் நாக்கால் மேல்வரிசையைத் தடவினாள்.

"ஹலோ? ஹலோ?"

"அண்ணே, வாங்க" என்றாள். நாக்கு ஏற்கெனவே தடித்திருந்தது. "கதவை உடைச்சுட்டு வாங்க. குட்டி உள்ள இருக்கா."

"என்னம்மா சொல்றே? நான் வர அரை மணி ஆகுமே..."

போன் கையிலிருந்து விழுந்தது.

குளியலறைக் கண்ணாடி. உதட்டை விரலால் தூக்கினாள். வரிசை முழுக்க ஒரே மட்டம். கோரைப்பல் இருந்த இடத்தில் தேய்ந்த கட்டைகள். அதன் இடுக்கில் ஒரு சின்ன வெள்ளை இழை. விரலால் இழுத்தாள். நூல் இல்லை. தோல்.

கடவுளே.

வாந்தியெடுக்க வேண்டும். மாத்திரை வெளியே வர வேண்டும். இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டாள்.

தாடை மூடிக்கொண்டது.

அவள் மூடவில்லை. தானாக. அவள் முழித்திருக்கும்போதே. இழுத்தாள், வரவில்லை. மறுகையால் தாடையைக் கீழே தள்ளினாள், பொறியின் கம்பி மாதிரி அசையவில்லை. எலும்பில் பல் இறங்குவது காதுக்குள் கேட்டது. கர்ர்க். அதே சத்தம். இவ்வளவு நாளும் இது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. சுவரில் முகத்தை மோதினாள். இரண்டாம் மோதலில் வாய் விட்டது. விரல்கள் வெளியே வந்தன, ஒன்று பாதி தொங்கிக்கொண்டு. மிச்ச விரலில் இரண்டு பிறைகள். மட்டமானவை.

வாசலுக்கு ஓடினாள். ஓடுவதாக நினைத்தாள், சுவரைப் பிடித்து நடந்தாள். வளைந்த தாழ்ப்பாள். ரத்தக் கை வழுக்கியது. சுத்தியலைத் தூக்கினால் தலைக்கு மேல் போகவில்லை. ஜன்னலில் கம்பி. தெருவில் ஆளில்லை. எதிர்வீட்டு வேன் இல்லை. அது தம்பியோடு போய்விட்டது.

"குட்டி. சமையல்ரூமுக்குப் போ. கதவைச் சாத்திக்கோ. அம்மா கூப்பிட்டாலும் வராதே. அம்மா அழுதாலும் வராதே. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

சாத்த மட்டும்தான் முடியும். தாழ்ப்பாள் இல்லை. அவளே கழற்றியது.

பாண்டேஜ் துணியின் மிச்சம் கட்டிலில் கிடந்தது. தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் இழுத்து முடிந்தாள். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. பல் பல்லோடு ஒட்டும்வரை. மூக்கால் மட்டும் மூச்சு. அரை மணி நேரம். அரை மணி நேரம் மட்டும். முழித்திரு. முழித்திரு.

மின்விசிறி கிறீச்சென்றது. வெயில் பழுப்பானது. கால் போயிற்று. கை போயிற்று.

கண் மூடியது. காது மட்டும் மூடவில்லை.

துணிக்குள் தாடை முட்டத் தொடங்கியது. மூக்கில் ரத்தம் அடைத்து, மூச்சு முனகலாக வந்தது. அழுகிற மாதிரி ஒரு சத்தம். அவளுடையதுதான். நிறுத்த முடியவில்லை.

கதவு திறந்தது.

வராதே. வராதே கண்ணு. சத்தியம் பண்ணினியே.

சின்னக் காலடிகள். கட்டில் லேசாக அமுங்கியது. சாக்பீஸ் வாசனை. மருந்து வாசனை.

"அம்மா, மூச்சு முட்டுதா?"

உச்சந்தலையில் குட்டி விரல்கள். முடிச்சைத் தேடின. பொறுமையாக. பள்ளிக்கூடத்தில் ஷூ லேசை அவிழ்க்கப் பழகிய விரல்கள். ஒரு சுற்று தளர்ந்தது.

இல்லை. இல்லை.

இரண்டு.

எழுந்திரு. எழுந்திருடி. கை அசையவில்லை.

மூன்று. துணி கழுத்தில் விழுந்தது.

"அழாதேம்மா" என்றாள் குட்டி. குரல் நடுங்கியது, ஆனாலும் பெரிய மனுஷி மாதிரி பேசினாள். "மாமா சொல்லியிருக்கார். அம்மாவுக்கு வலிக்குது, அதான் அழுவுதுன்னு. கையைக் குடுத்தா அப்புறம் அழாது. மாமா தினம் குடுப்பார்."

சட்டைக் கையை மேலே மடிக்கிற சத்தம்.

"இன்னிக்கு மாமா இல்லல்ல?"

வெதுவெதுப்பான, மெல்லிய கை அவள் உதட்டில் வந்து படிந்தது. காத்திருந்தது.

தாடை மெல்லத் திறந்தது.